நேற்று இல்லாத சாப்பாட்டுக்கடை

சென்னை மாநகரம் உடம்பைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கியிருந்த காலம் அது. தெருவுக்குத் தெரு தினைப் பொங்கலும் வரகு பிரியாணியும் வந்து, செக்கெண்ணெய் என்று எழுதாத பலகையே இல்லை என்றாகி, பரோட்டாவுக்கு அடிமையாய்க் கிடந்தவர்கள் எல்லாம் முளைகட்டிய பயறைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவர்கள் மாதிரிக் கண்ணை மூடி மென்ற அந்தக் காலத்தில்தான், அசோக் நகர்த் தூணுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத் தெருவில் பவளக்கொடி தன் கடையைத் திறந்தாள். பலகையில் ‘இலேசு உணவகம்’ என்று பெரிதாகவும், ‘உப்பு சேர்ப்பதில்லை’ என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருந்தது.

பவளக்கொடி தூத்துக்குடிக்காரி. உப்பளத்து வெயிலில் வளர்ந்தவள் உப்பில்லாத கடை வைத்தால் சொந்தபந்தம் சிரிக்கத்தானே செய்யும், வயிறு வலிக்கச் சிரித்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றார்கள். அவள் புருஷன் முத்துராசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இலையில் சோறு விழுமுன் ஓரத்தில் உப்பு விழவேண்டும், அதன் பக்கத்தில் ஊறுகாய், அதன் பக்கத்தில் கருவாடு. டாக்டர் சொன்ன புத்திமதியை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்து, ஒரு மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் ரத்தக்கொதிப்பில் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்த நாளெல்லாம் காலையில் அவர் வாயைத் திறந்தால் முதல் பேச்சு, “நேத்து வச்ச கொழம்பு இருக்கே...” என்றுதான் வரும். புளி ஏறிவிட்டது என்பார், காரம் பத்தவில்லை என்பார். பவளக்கொடிக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவர் போனபிறகுதான், அந்தக் குறையைக் கேட்காமல் தனக்குப் பொழுதே விடியவில்லை என்று தெரிந்தது.

புது வீடோ புதுக் கடையோ, முதலில் உள்ளே போக வேண்டியது உப்பும் மஞ்சளும் என்பது நம் வழக்கம். கடை திறந்த அன்று அவளுடைய நாத்தனார் தாம்பாளத்தில் இரண்டையும் வைத்து ஏந்திக்கொண்டு வந்தாள். பவளக்கொடி வாசலில் குறுக்கே நின்றாள்.

“மஞ்சள் உள்ள வரட்டும். உப்பு வாசலோட நிக்கட்டும்.”

“மகாலட்சுமியையே திருப்பி அனுப்புதியே மதினி, இது நல்லாவா இருக்கு?” என்று நாத்தனார் அழாத குறையாகக் கேட்டாள். பவளக்கொடி அசையவில்லை. உப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

அன்று மத்தியானமே நாற்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். எலுமிச்சையும் மாங்காய் இஞ்சியும் வறுத்த சீரகமும் மிளகும் சேர்ந்து உப்பின் இடத்தை ஒருவாறு அடைத்துவிட்டிருந்தன. சாப்பிட்டவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார்கள், நாளைக்கே குடும்பத்தோடு வருகிறோம் என்றார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே வாசற்படியைத் தாண்டியதும், தெருவில் நின்று இடமும் வலமும் பார்த்து, எங்கே வந்தோம் எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்துகொண்டு, கடையையும் கடைக்காரியையும் தின்ற சோற்றையும் சுத்தமாக மறந்து அவரவர் வழியில் போனார்கள். மறுநாள் அதே ஆட்கள் வந்து பலகையைப் பார்த்து, “அட, புதுக் கடை போலிருக்கே” என்றார்கள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அடுத்த தெருவில் இருந்த ஒரு தமிழாசிரியர். வாழைத்தண்டுப் பொரியலை மென்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, “உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? நீங்கள்தான் உப்பே இடவில்லையே அம்மா, உங்களை யார் நினைப்பார்கள்?” என்று கேட்டார். கடை முழுக்கக் கைதட்டியது. அவரும் பெருமையோடு கைகழுவிவிட்டு வெளியே போய், கண்டுபிடித்ததையும் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது வந்து, பாதிப் பொரியலில் நிறுத்தி, அதையே புதிதாகக் கண்டுபிடிப்பார். கடை புதிதாகக் கைதட்டும்.

தெரு இதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பட்டணத்துத் தெரு எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை? கடை வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த கன்னியப்பன் தன் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்போடு தூக்குச்சட்டி கொண்டுவருகிறவன் என்பதால் அவனுக்கு மறதி கிடையாது. வெளியே வந்து திகைத்து நிற்கிறவர்களைப் பார்த்து, துணியைத் தேய்த்தபடியே, “சார், நீங்க சாப்டாச்சு, ஆபீஸ் அந்தப் பக்கம்” என்று வழிகாட்டுவது அவன் வேலையாயிற்று. விட்டுப்போன குடைகளும் மூக்குக்கண்ணாடிகளும் அவன் வண்டிக்கடியில் சேர்ந்தன. போனில் இலையைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், இது யார் வீட்டு விசேஷம் என்று சாயங்காலம் யோசித்தார்கள். நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுத எவராலும் முடியாததால், ஊரிலேயே நல்ல சாப்பாடு போட்ட கடைக்கு ஊரில் பேரே இல்லை.

ஆனால் உள்ளே பேசியது எதுவும் வெளியே வராது என்பது மெல்ல மெல்ல ஜனங்களின் தலைக்கு எட்டாமல் காலுக்கு எட்டியது. சண்டை போடவேண்டிய புருஷன் பெண்டாட்டிகள் ஏனென்று தெரியாமலே அந்தத் தெருவுக்கு வந்து, சாமை சாதத்துக்கு நடுவே பத்து வருஷத்துக் கோபத்தையும் கொட்டித் தீர்த்து, படி தாண்டியதும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு வங்கி அதிகாரி வாரா வாரம் வந்து ரசத்தைக் குடித்துக்கொண்டு அழுதுவிட்டு, கண் ஏன் எரிகிறது என்று கன்னியப்பனைக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு பெண் தன் காதலைத் தாயிடம் அங்கேதான் சொன்னாள். தாய் குதித்து, கத்தி, கடைசியில் மனமிரங்கிச் சம்மதமும் சொல்லி, இருவரும் எழுந்து போய் மறந்து, அடுத்த மாதம் மறுபடி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இவ்வளவையும் ஞாபகத்தில் வைத்திருந்தவள் பவளக்கொடி ஒருத்திதான். ஊருக்கெல்லாம் சோறு போட்டு, ஊரின் நேற்றையெல்லாம் சுமந்துகொண்டு, தன்னை மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் அவள் இருந்தாள். அது கொடுமைதான், சந்தேகமே வேண்டாம்.

தணிகாசலம் அப்படித்தான் வந்தார். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது, ரத்தக்கொதிப்புக்காரர், உப்பைத் தொட்டால் தொலைந்தீர்கள் என்று டாக்டர் மிரட்டி வைத்திருந்தார். மத்தியான வெயிலில் நடந்து வருவார், பலகையைப் பார்ப்பார், படியேறி வந்து அந்தக் கண்டக்டர் தொண்டையில் கேட்பார்.

“இன்னாம்மா, புச்சா தொறந்துகிறீங்களா? நான் டெய்லி இந்த வழியாத்தான் போறேன், கண்ணுலயே படலியே!”

முதலில் சில நாள் அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “ஆமா சார், இன்னைக்குத்தான். உட்காருங்க” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். உட்கார்ந்ததும் பெயரைக் கேட்பார். சொன்னதும், “பவளக்கொடியா! பேரச் சொன்னாலே ஒரு கலர் வருதே” என்பார். அதைக் கேட்பதற்காகவே அவள் பன்னிரண்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவர் பலாப்பழக் கதையைச் சொல்வார். பண்ருட்டி பலாவோடு பஸ்ஸில் ஏறிய ஒரு அம்மாள், பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னதில் கோபித்துக்கொண்டு, “அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சில்ல, அதுவே தனியா வரட்டும்” என்று கிண்டியில் பழத்தை விட்டுவிட்டு இறங்கிப் போக, மொத்த பஸ்ஸும் அதை அறுத்துத் தின்றுகொண்டே தாம்பரம் போய்ச் சேர்ந்த கதை. பவளக்கொடி ஒவ்வொரு நாளும் சிரிப்பாள்.

“இன்னாம்மா, கிண்டி வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

இப்படியே ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்தது. அவருக்கு அவள் தினமும் புதியவள். அவளுக்கு அவர் நாளுக்கு நாள் பழையவர். எந்தக் கறிக்கு முகம் சுளிப்பார், எந்தப் பாட்டை முனகுவார், மனைவியைப் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆசை என்று சொல்ல ஐம்பத்தைந்து வயதில் கூச்சமாக இருந்தது. ஆனால் ஆசைதான், வேறென்ன?

ஒருநாள் அவர் சொன்னார். “புனேல என் பொண்ணு கீறா, தமயந்தி. அங்கயே வந்துடுப்பான்றா. அங்க உனுக்கு யாரு கீறாங்கன்னு கேட்டா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒர்த்தரும் இல்ல. சரி வரேம்மான்னுட்டேன்.”

பவளக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் இருக்கேன் சார்” என்றாள். சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். பலாப்பழத்தை அவர் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள். அவர் வாயில் வைத்த கவளத்தை மெல்லவும் மறந்து கேட்டார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, பக்கத்து இலைக்காரர்கள்கூடச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். உட்கார்ந்த இடத்திலேயே மகளுக்குப் போன் போட்டு, தாம்பரம் வரைக்கும் கேட்கிற குரலில், “அம்மாடி, நான் வர்ல. இங்க எனுக்கு பவளக்கொடின்னு ஒருத்தங்க கீறாங்க” என்று சொன்னார். நாளைக்குப் பேசுவோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்து, கைகழுவி, படி தாண்டினார்.

மறுநாள் வந்தவர் முகம் வாடியிருந்தது. புதுக் கடையா என்று கேட்டார், உட்கார்ந்தார்.

“எனுக்கு மூளை கலங்கிப்போச்சும்மா. நேத்து பொண்ணுகிட்ட யாரோ பவளக்கொடின்னு சொன்னனாம். ராத்திரி அவ கேக்கறா, அவங்க எப்டிப்பா கீறாங்கன்னு. சத்தியமா அப்டி ஒரு பொம்பளைய எனுக்குத் தெரியாது. கொழந்த பயந்துட்டா. அப்பாவுக்கு மறதி நோவு வந்துடுச்சுன்னு அழறா. ஞாயித்துக்கெழம வந்து கையோட இட்டுக்குனு போறாளாம்.” அவர் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஆமா, உங்க பேரு இன்னாம்மா?”

பவளக்கொடி கூட்டுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “பேருல என்ன சார் இருக்கு, சாப்பிடுங்க, கூட்டு ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்புப் புகை என்று பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் பொய் சொன்னாள். அங்கே எரிந்தது கேஸ் அடுப்பு.

சனிக்கிழமை காலை கன்னியப்பன் வண்டியில் கரி போட்டுக்கொண்டே சொன்னான். “ஒரே ஒரு சிட்டிகம்மா. ஒரு சிட்டிகைல எவனும் சாவல. அந்தாளு நாளைக்குப் பூட்டார்னா அப்றம் நீ யாரோ, அவுரு யாரோ.”

“எனக்குத் தெரியாதா கன்னியப்பா?” என்றாள். தெரிந்துதான் அவள் ஏற்கெனவே மளிகைக்கடைக்குப் போய்வந்திருந்தாள். முந்தானைக்குள் ஒரு பொட்டலம் கல் உப்பு இருந்தது. திருட்டுச் சாமானோடு வருகிறவள் போலப் படியேறி, சுவரில் மாலையோடு இருந்த முத்துராசுவின் படத்தைப் பார்க்காமல் சமையற்கட்டுக்குள் போனாள். திறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்தக் கடைக்குள் உப்பு நுழைந்தது.

மத்தியானம் பூசணிக்காய்க் கூட்டைக் கிண்ணத்தில் எடுத்துவைத்துத் தாளித்தாள். நினைப்பெல்லாம் முந்தானைப் பொட்டலத்தில் இருந்ததால் சீரகம் அளவுக்கு மேல் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மூன்று விரலால் உப்பை அள்ளி, கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். பரிமாறும் ஜன்னல் வழியே அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கால்களும் வீங்கிப்போய், செருப்பு வார் அழுத்திய இடத்தில் தடம் பதிந்து கிடந்தது. ஆயுசு முழுக்க நின்றுகொண்டே பிழைத்த கால்கள். முத்துராசுவின் கால்களும் கடைசி வருஷத்தில் அப்படித்தான் இருந்தன. பவளக்கொடி விரலில் இருந்த உப்பைப் பொட்டலத்திலேயே உதறிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

“பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“பவளக்கொடி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நீங்கதானா அது?” என்றார் மெதுவாக.

“நான்தான்.”

இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார், பிறகு வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப படிய தாண்டுனா மறந்துடுவனா?”

“மறந்துடுவீங்க.”

“நாளைக்கு பொண்ணு வந்து, இங்க யாருப்பா கீறாங்கன்னு கேட்டா, யாரும் இல்லன்னு சொல்லிடுவனா?”

“சொல்லிடுவீங்க.”

“அப்ப உப்பப் போடும்மா!” என்று அவர் மேசையைத் தட்டினார். “இன்னா ஆயிடும்? போடு, பாத்துக்கலாம்.”

“போட மாட்டேன்.” பவளக்கொடி அழுதுகொண்டே சொன்னாள். “ஒருத்தருக்கு உப்பப் போட்டுப் போட்டே அனுப்பி வச்சிட்டேன். நீங்க எங்கயாவது நல்லா இருங்க சார். என்னைய மறந்துட்டு, புனேவுல, உங்க பொண்ணு வீட்டுல நல்லா இருங்க. அது போதும் எனக்கு.”

அது போதாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இலைகள் எழுந்து போயின. அவர் எழுந்திருக்க மனமில்லாமல் காலைக் கீழே ஊன்றி, வலியில் முனகினார்.

அந்த முனகலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. உள்ளே போய் அண்டாவிலிருந்து வெந்நீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விளாவி, வாங்கி வந்த பொட்டலம்தான் இனி எதற்கு என்று முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கி, இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள்.

“காலை உள்ள விடுங்க.”

“ஐயய்யே, நீங்க போயி...”

“விடுங்கன்னா விடுங்க. ரயில்ல அவ்வளவு தூரம் இந்தக் காலோடயா போவீய?”

அவர் காலை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “உப்பு உள்ளயே வரக் கூடாதுன்னீங்களே” என்றார்.

“வாய்க்குத்தான் கூடாது. காலுக்கென்ன?” என்றாள் பவளக்கொடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

தண்ணீர் ஆறும் வரை அவர் இருந்தார். பிறகு ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டார். வீக்கம் சற்று வடிந்து, வார் இலகுவாக நுழைந்தது. போய் வருகிறேன் என்று தலையை ஆட்டினார். அவர் படியைத் தாண்டுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பிற்பாடு அந்தக் கடையில் மேசைக்கு மேசை வெந்நீர்த் தொட்டி வந்ததும், ஞாபகம் வேண்டியவர்கள் உப்புத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டும் வேண்டாதவர்கள் உலர்ந்த காலோடும் வெளியே போனதும், காதலைச் சொன்ன பெண்ணின் தாய் ஒருவழியாகக் காலை நனைத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றச் சம்மதித்ததும், வங்கி அதிகாரி மட்டும் கடைசிவரை உலர்ந்த காலோடே போனதும், தமிழாசிரியர் வந்து, உப்பிட்டவரை என்றார்களே தவிர எங்கே இட்டவரை என்று சொல்லவில்லையே என்று கண்டுபிடித்து, அதை மறக்காமலிருக்கத் தானும் காலை நனைத்துக்கொண்டதும் எல்லாம் நடந்தன. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பவளக்கொடிக்கு ஒன்றும் தெரியாது. கடை திறக்கவே அவளுக்கு மனமில்லை. திறக்காவிட்டால் ஊர் பட்டினி கிடக்கப்போவதில்லை, யாருக்கும் தேடவும் தெரியாது. பழக்கதோஷத்தில் திறந்தாள், பழக்கதோஷத்தில் கூட்டு வைத்தாள்.

பன்னிரண்டு மணியிலிருந்து வாசலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாத்திரம் துடைத்தாள். வெளியே கன்னியப்பனின் இஸ்திரிப்பெட்டி திடீரென்று சத்தமில்லாமல் நின்றது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண்ணின் குரல், “இங்க எதுக்குப்பா? ட்ரெயினுக்கு நேரமாகுது” என்றது.

புதுக் கடையா என்று கேட்கப்போகிறார் என்று பவளக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னைக்குத்தான் சார், உட்காருங்க என்று சொல்லத் தயாராகத் திரும்பினாள்.

தணிகாசலம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பையோடு மகள். அவர் கடையைச் சுற்றிப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“நேத்து வெச்ச கூட்டு இருக்கே...” என்றார். “தப்பா நெனச்சுக்காதம்மா. சீரகம் ஜாஸ்தி. வாயில வெக்க முடியல.”

மகள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அந்த அம்மாள் கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு கூட்டைக் குறை சொன்னதற்கா இந்தப் பாடு என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“யாருப்பா இவங்க?”

“சொன்னனே, பவளக்கொடி” என்றார் தணிகாசலம். “நீ பைய அப்டி வெச்சுட்டு உக்காரு. ட்ரெயின் அது பாட்டுக்குத் தனியா போவட்டும்.”

பவளக்கொடி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கும் மகளுக்கும் இலை போட்டாள்.

“இன்னைக்குச் சீரகம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்” என்றாள். “நல்லா இல்லன்னா நாளைக்கு வந்து சொல்லுங்க.”